மரக்கோட்டையிலிருந்து மாமாவைச் சுமந்தது

பெண் கேட்கப் போகிற எவனும் மூளையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் புறப்படுகிறான். நானும் அப்படியே புறப்பட்டேன்.

நான் கட்ட விரும்பிய தர்ஷினியின் அப்பா, என்னைப் ‘பார்க்க’வென்று சிட்னி பிளாக்டவுனிலிருந்து மெல்பேர்ன் வந்திருந்தார். வந்ததிலிருந்து என்னோடு பேசியது ஒரே சொல்: “ஓம்.” எங்கள் ஆட்களின் ‘ஆமாம்’. தேத்தண்ணிக்கு ஓம், என் வேலைக்கு ஓம், மழைக்கும் ஓம். நான் கேட்கவேண்டிய அந்த ஒன்றுக்கும் ஓம் விழுமா?

நகரத்துக்கு வெளியே, குடியேற்றக் காலத்து மரக்கோட்டை ஒன்றை மறுபடி எழுப்பி, திறந்தவெளி நூதனசாலையாக வைத்திருக்கிறார்கள். அங்கே கூட்டிப்போய்ச் சரித்திரம் பேசி மனிதரை மயக்குவது என் திட்டம். (அவர் இளைப்பாறிய சரித்திர வாத்தியார் என்பதை தர்ஷினி சொல்ல மறந்திருந்தாள்.)

மழை அப்போதுதான் விட்டிருந்தது. கூர்சீவிய மரங்கள் வானத்தைக் குத்திக்கொண்டு வரிசையாய் நின்றன, யூக்கலிப்டஸ் வாசம், அந்தக் காலத்துச் சிப்பாய் வேஷத்தில் சிவப்புக் கோட்டுப் பெடியன்கள் துவக்கோடு திரிந்தார்கள். கோட்டைக்குள்ளே, தளபதியின் வீட்டு வாசலில் பலகைத் தரை பளபளத்தது. வீடென்றால் வீடுதானே! அங்கிளும் (தர்ஷினியின் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டேன்) நானும் ஒன்றாய்க் குனிந்து சப்பாத்தைக் கழற்றினோம். பின்னால் வந்த சுற்றுலாக் கூட்டம், அதுதான் இங்கே சட்டம்போல என்று, ஒருவர் விடாமல் கழற்றியது. சப்பாத்துக் குவிந்து, வாசல் சிட்னிப் பக்கத்து ஹெலன்ஸ்பர்க் கோயில் வாசலாயிற்று.

உள்ளே, “இந்தக் கட்டில்தான் அங்கிள்...” என்று நான் வாயைத் திறக்க, வெளியே டுமீல்!

துவக்குச் சுடும் காட்சி தொடங்கிவிட்டது. பார்க்கிற அவசரத்தில் கூட்டம் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு ஓடியது. நாங்கள் வாசலுக்கு வந்தபோது அங்கிளின் கறுப்புச் சப்பாத்து யாருடைய காலோடோ போய்விட்டிருந்தது; பதிலுக்குக் கிடந்தது அவர் காலில் ஏறாத ஒரு சின்னச் சப்பாத்து. என்னுடையது இருந்தது. மாட்டி, நாடாவையும் இறுக்கிக் கட்டினேன். (இதை மறந்துவிடாதீர்கள்.)

முன்னால் சேறும் கூர்க்கல்லும். அங்கிள் முதல்தடவையாக நீளமாகப் பேசினார்.

“எனக்குச் சீனி வருத்தம், தம்பி, டயபிடீஸ். காலில கல்லுக் குத்தினாப் பெரிய கரைச்சல்.”

முதுகைக் காட்டிக் குந்தினேன். “ஏறுங்கோ அங்கிள்!”

“விசரே உமக்கு?”

“ஏறுங்கோ!”

ஏறினார். பூமி என் முழங்கால்களைத் தேடி மேலே வந்தது.

“இறக்கும் தம்பி, சனம் பாக்குது!”

சனம் பார்க்கவா செய்தது? கை தட்டியது! காயம்பட்ட வீரனைத் தோழன் சுமந்து வருகிறானாம்; இதுவும் காட்சியாம். வாயிலில் நின்ற சிவப்புக் கோட்டுப் பெடியன் விறைத்து சல்யூட் அடித்தான். என் முதுகிலிருந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, அங்கிளும் அடித்தார்.

காரில் அவரை இறக்கிவிட்டு நாய்போல மூச்சு வாங்கினேன். அவர் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, உம்மட சப்பாத்து என்ன சைஸ்?”

“எட்டு, அங்கிள்.”

“எனக்கும் எட்டுத்தான்.”

எங்கோ மரத்தில் ஒரு குக்கபராப் பறவை மனிதர்போலச் சிரித்தது. பிறகு அவர் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. அந்தச் சிரிப்பு அடங்குமுன், வெட்கத்தோடு வெட்கமாக, கேட்டேவிட்டேன்.

“அங்கிள்... தர்ஷினியை நான்...”

“ஓம், ஓம்,” என்றார். “ஆனா கலியாணத்துக்குப் பிறகு காரை அவளே ஓட்டட்டும்.”

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது கஷ்டப்பட்டுத் தூக்கினால், குசினியிலிருந்து தர்ஷினியின் குரல் வரும்: “இஞ்சருங்கோ, காலில என்ன கிடக்கெண்டு முதல் பாருங்கோ!”

அங்கிள் இப்போது மாமா. எங்கள் வீட்டுக்கு வரும்போது சப்பாத்தை வாசலில் விடுவதேயில்லை. கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வருவார். வந்து, மற்றக் கையால் என் முதுகை மெல்லத் தடவிக் கேட்பார்: “சுகமா இருக்கோ?”

என்னையல்ல, முதுகைத்தான்.