இருநூற்றுப் பதினாலு வீடுகளில் ஒன்று

பெருமதிப்பிற்குரிய 'ப்ளம் ரிவர் வாரச்செய்தி' ஆசிரியர் திரு. ஹோல்ம்க்விஸ்ட் அவர்களுக்கு, மேற்குச் சாலையின் கடைசி வீட்டிலிருந்து ஆர்வின் ஹால்வர்சன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், நாய் சுகம், மக்காச்சோளம் இந்த வருஷம் எல்லாருக்கும் சுமார்தான். அங்கே தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷனுக்குப் பிறகு தாங்கள் தபாலாபீஸ் படியைப் பக்கவாட்டில் ஏறுவதைப் பார்த்தேன், அவசரப்பட வேண்டாம். பத்திரிகை தவறாமல் வருகிறது. போன வாரம் இரண்டு பிரதி வந்தது, ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நிற்க.

நம் பள்ளி மாவட்டம் ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு அனுப்பிய ஆண்டறிக்கை தங்களுக்கும் வந்திருக்கும். வழவழப்பான தாள், பதினாறு பக்கம். குறை சொல்ல வரவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் முன்னேறியிருக்கிறார்கள், கடைசி வகுப்பில் பதினோரு பேரும் தேறியிருக்கிறார்கள், மண்ணைப் பார்த்துத் தரம் சொல்லும் போட்டியில் நம் பெண்கள் மாநிலத்திலேயே மூன்றாவது. எல்லாம் சந்தோஷம். ஆனால் பதினோராம் பக்கத்தைத் திருப்பினால் 'ஊர் மக்களின் பங்கேற்பு' என்று தலைப்புப் போட்டு ஒரு பெரிய நீல வட்டம், அதில் மயிரிழை அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. கீழே, 'மாவட்டத்தின் 214 வீடுகளில் சென்ற கல்வியாண்டில் பள்ளிப் பணியில் பங்கேற்றவை 213. பங்கேற்காதவை 1' என்று அச்சடித்திருக்கிறார்கள். பெயர் போடவில்லை. தனிமனித விவரங்களை வெளியிடக் கூடாது என்று விதி இருக்கிறதாம். இருநூற்றுப் பதினாலு வீடு இருக்கிற ஊரில் பெயர் வேறு போட வேண்டுமா, ஐயா?

அறிக்கை வந்த மறுநாள் காலையில் வழக்கம்போல மெயின் தெரு ஓட்டலுக்குக் காப்பி குடிக்கப் போனேன். விதைச்சோள வியாபாரி டெல் ஆஸ்ட்பி பதினோராம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு மேசை மேசையாக விசாரணை நடத்திக்கொண்டிருந்தான். "நீ என்னப்பா பண்ணின?" "கச்சேரிக்கு நாற்காலி போட்டேன்." "சரி, நீ தப்பிச்ச. நீ?" "பான்கேக் சுட்டேன். பாதி கருகிப்போச்சு, ஆனா சுட்டேன்." "கருகினாலும் கணக்குல உண்டு." இப்படியே வந்து என் மேசையில் நின்றது. "அண்ணே, நீங்க?" நான் காப்பியில் கிரீம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். காப்பி வழிந்து மேசையில் ஓடியது. "அடப்பாவி மனுஷா, அந்தக் கோடு நீங்கதானா!" என்று அவன் கத்தியது சமையலறை வரை கேட்டது. அன்றிலிருந்து எனக்குப் பெயரே அதுதான். "வாங்க கோடு, உக்காருங்க கோடு." முடிவெட்டும் கடையில், "கோட்டுக்கு ஓரத்துல மெலிசா எடுத்துடவா?" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் 'மந்தையோடு சேராமல் நிற்போருக்காக' ஜெபம் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு செய்திருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன், என் பெஞ்சையே பார்த்துக்கொண்டு செய்தார்.

அந்த வாரமே லவோன் டெஷ் வந்துவிட்டாள். பங்கேற்புக் குழுவின் தலைவி, தங்களுக்குத் தெரியாததல்ல. புருஷன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பார். மிச்ச நாளெல்லாம் அவளுக்குப் பள்ளிக்கூடம்தான் குடும்பம். யார் வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும் ஒரு ரோஸ் கார்டில் எழுதிப் பெட்டியில் போடுகிற வழக்கத்தைப் போன வருஷம் ஆரம்பித்தவளும் அவள்தான். ஒரு கையில் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம், இன்னொரு கையில் வெறும் கார்டு. "ஒண்ணும் வேணாம் ஆர்வின், எதையாவது செஞ்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நான் பேசிச் சரிபண்ணிடறேன்" என்றாள். "செய்யாததைச் செஞ்சேன்னு எழுதற புத்தி எனக்கு இல்லம்மா" என்றேன். "அப்ப செய்யுங்களேன்!" "செய்யறேன். என்ன பெரிய விஷயம்?" என்று ரோஷத்தில் சொல்லிவிட்டேன். என் வாய் இருக்கிறதே, அதைத் தைத்துப் போட வேண்டும்.

முதலில் இரண்டாம் வகுப்புக்குக் கதை படிக்க அனுப்பினார்கள். வண்டிகளைப் பற்றிய புத்தகம். முப்பத்தொரு வருஷம் கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலைப் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன் நான்; அந்தப் புத்தகத்தில் வண்டியின் முன்னால் பனி தள்ளும் தகட்டை மாட்டியிருந்த கோணமே தப்பு. அதைச் சொல்லப்போக, முன்வரிசையில் இருந்த ஒரு பெண்குழந்தை, "தாத்தா, நீங்க பனிக்குள்ள யாரையாவது மூடியிருக்கீங்களா?" என்று கேட்டது. ஆளை மூடியதில்லை, ஒரு தடவை தலைமையாசிரியர் காரை மூடிவிட்டேன், மூன்று நாள் கழித்துத்தான் எடுத்தார்கள், நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. சாயங்காலத்துக்குள் விஷயம் பதினாலு வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் காதுக்கும் போய், மனிதர் கைத்தடியோடு என் வாசலில் வந்து நின்றார். "யோவ், இருபத்தெட்டு வருஷமா அதுக்கு என் பொண்டாட்டியைத் திட்டிக்கிட்டிருக்கேன்யா! கண்ட எடத்துல காரை விட்டுட்டாளேன்னு!" என்றார். இப்போது அந்த அம்மாள் அவரோடு பேசுவதில்லை. அவர் என்னோடு பேசுவதில்லை.

அடுத்தது, வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் சோளப்பொரி மெஷின். எண்ணெய் ஊற்று, சோளம் போடு, மூடு என்றார்கள். எப்போது திற என்று யாரும் சொல்லவில்லை. புகை மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய், பந்து எங்கே என்று நடுவருக்கே தெரியாமல், ஆட்டத்தை நாற்பது நிமிஷம் நிறுத்திவிட்டார்கள். எதிர் அணிப் பையன்கள் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து குளிரில் விறைத்துப்போனார்கள். நம் பையன்கள் புகையிலேயே ஓடித் திரிந்துவிட்டு வந்து ஆறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. கோச் வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அடுத்த வாரமும் வந்து கருக்குங்கண்ணே!" என்றார். அதன் பிறகு கட்டிட வேலைக்கு ஒரு நாள், கச்சேரி மேடைக்கு ஒரு நாள், உருளைக்கிழங்கு மசிக்க ஒரு நாள் என்று ஆளாளுக்கு வாசலில் வந்து நிற்கிறார்கள். நாய் குரைப்பதையே நிறுத்திவிட்டது.

சரி, இவ்வளவு செய்தாயிற்றே, கோட்டை எடுத்துவிடுங்கள் என்று பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் திருமதி கோல்பிக்குப் போன் செய்தேன். "இதெல்லாம் அடுத்த வருஷக் கணக்குல வரும் சார். போன வருஷம் போன வருஷம்தான்" என்றார். "அப்ப ஒரு வருஷம் ஓட்டல் சுவத்துல நான் தொங்கணுமா?" என்றேன். (டெல் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான்.) "வேணும்னா கார்டுப் பெட்டியைத் திருப்பி எண்ணச் சொல்றேன், வேற ஒண்ணும் என்னால முடியாது" என்றார்.

ஐயா, இனித் தங்களைத்தான் நம்பியிருக்கிறேன். போன வருஷம் நான் ஏன் பங்கேற்கவில்லை என்று இந்த ஊரில் ஒருத்தர் கேட்கவில்லை. என் மனைவி ஆர்டிஸ் இருந்தவரை எங்கள் வீட்டுப் போன் ஓயாது. கேக் வேண்டும், திரைச்சீலை தைக்க வேண்டும், ஆர்டிஸ், ஆர்டிஸ். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவன் நான். வைத்துவிட்டுச் சுவரோரமாக நிற்பேன், அவளுக்கு வேலை முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருவேன். அவள் காலமாகி, வருகிற நவம்பரோடு ஆறு வருஷம். கருமாதிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்தார்கள், நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு ஒரு போன் வரவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது? எனக்கு வருத்தம்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆகவே இக்கடிதத்தை ஒரு எழுத்துக்கூட விடாமல் முதல் பக்கத்தில் வெளியிட்டு, அந்தக் கோடு மறுத்தவன் அல்ல, யாரும் கேட்காதவன் என்று ஊரறியச் செய்ய வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் அச்சு இயந்திரத்துக்கும் முழங்காலுக்கும் சகல நலமும் கோரும்,

ஆர்வின் ஹால்வர்சன்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும்போது லவோன் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. இன்று காலை கார்டுப் பெட்டியை எண்ணினார்களாம். என் பெயருக்குக் கார்டு இருக்கிறது. 'ஜனவரி 17. பஸ் நிற்கும் இடத்தில் ஆர்வின் பனி தள்ளினார். யாரும் கேட்கவில்லை, அவராகவே வந்தார்' என்று அவள் கையெழுத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதிப் போட்டாளாம், பிறகு ஊரோடு சேர்ந்து அவளும் மறந்துபோனாள். அன்று வீட்டில் சும்மா இருக்க முடியாமல் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனேன். அதையெல்லாம் யாராவது பார்ப்பார்கள் என்றா நினைத்தேன்?

"அப்ப கார்டு இல்லாத வீடு எது?" என்றேன். அவள் என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "எங்க வீடுதான் ஆர்வின். ஊருக்கெல்லாம் எழுதினேன், எனக்கு எழுதிக்கல. எல்லாரும் எங்கிட்டதான் வந்து சொன்னாங்க, நீ என்ன செஞ்சேன்னு ஒருத்தரும் என்னைக் கேக்கல. டெல்லுக்குத் தெரிஞ்சா நான் எப்படி வெளிய தலை காட்டுவேன்?" காப்பி போட்டுக் கொடுத்தேன். கார்டை அவளிடமிருந்து வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஆகவே கடிதத்தை வெளியிட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். பங்கேற்காத வீடு என்னுடையதுதான், எவன் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். கணக்கு பழையபடியே இருக்கட்டும் என்று கண்காணிப்பாளரிடமும் நானே போனில் பேசிவிட்டேன். இதற்கு மேல் விளக்கி எழுத நேரமில்லை. இந்த வாரம் எனக்கு நாலு இடத்தில் வேலை, லவோன் வேறு வாசலில் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறாள்.