சாய்ராகுல் காரை நகர்த்த மாட்டாள்

"டம்!" என்று சத்தம் கேட்டதும் சாய்ராகுல் தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு இரண்டாம் மாடிப் பால்கனிக்கு ஓடினாள். நினைத்தது சரிதான். முற்றத்து மரத்திலிருந்து இன்னொரு அக்ரூட் காய். அவளுடைய நீலக் காரின் கூரையில் இன்னொரு குழி.

கீழே தோரோன்பெக் தன் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். தரைத்தளத்து வீட்டுக்காரன். சிரிப்பை அடக்கத் தெரியாதவன்.

"அக்கா, இந்த சீசன் முடியற வரைக்கும் காரைத் தெருவுல போடுங்களேன். மரத்துக்கு அடியில நிறுத்திட்டு மரத்தைத் திட்டினா எப்படி?"

"தெருவுல போட்டா இந்த இடத்துல யாரு ஜீப் வந்து நிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"சும்மா கிடக்கிற இடம்தானேக்கா..."

"சும்மாவா? குப்பைமேடா நாறிக் கிடந்ததை மண்வெட்டி பிடிச்சுச் சுத்தம் பண்ணினவ நான். அப்ப எங்கடா போயிருந்தே? நான் ஒரு அங்குலம் நகர மாட்டேன். மரத்தை வேணா நகரச் சொல்லு!"

பள்ளியில் வேதியியல் சொல்லித் தருகிறவள் சாய்ராகுல். பிஷ்கெக் நகரத்து மினிபஸ்களில் இருபது வருடம் நின்றுகொண்டே போய் வந்து, இந்தக் கோடையில்தான் கார் வாங்கியிருந்தாள். ஆனால் காரை எடுத்தால் இடம் போய்விடுமே! அதனால் இலை உதிரத் தொடங்கியதிலிருந்து கார் முற்றத்தில் நின்றது. அவள் மறுபடி மினிபஸ்ஸில் நின்றாள்.

நகராட்சிக்குப் போன் செய்தாள்.

"காருக்கு மேல தொங்குற கிளையை வெட்ட ஆள் அனுப்புங்க."

"வருவாங்கம்மா."

அடுத்த வாரமும் கூப்பிட்டாள்.

"வருவாங்கம்மா."

"வர்றப்ப வரட்டும். என் காரை எனக்குக் காப்பாத்திக்கத் தெரியும்" என்று போனை வைத்தாள்.

முதலில் கார் முழுக்க மெழுகு பூசினாள். வெயிலில் மெழுகு இளகியது. உதிர்ந்த இலையெல்லாம் பசை வைத்தாற்போல் அதில் ஒட்டிக்கொண்டது. போதாததற்கு அக்ரூட்டின் பச்சைத் தோல் நசுங்கிக் கரிய சாறாய் வழிந்தது.

"கறைதானே? எனக்கா தெரியாது!" என்று ஒரு கரைசலைக் கலக்கித் தேய்த்தாள். கறை போனது. கூடவே பெயின்ட்டும் போனது.

"ரொம்ப நல்ல மருந்துக்கா" என்றான் தோரோன்பெக். "இன்னும் கொஞ்சம் தேய்ச்சா காரே கரைஞ்சிடும்."

"உன் வாயைத் தேய்க்கவும் மிச்சம் வச்சிருக்கேன், வா!"

மறுநாள், அவள் அம்மா சீதனமாகத் தந்த சிவப்புக் கம்பளி விரிப்பு மாடியிலிருந்து இறங்கி வந்தது. காருக்கு அதைப் போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். அதற்கு மேல் காய் விழுந்தால் சத்தம்கூட வரவில்லை. அன்று நிம்மதியாகப் பாடம் நடத்தினாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டு விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது சாயம் இறங்கி, நீலக் கார் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"சாயம் இறங்கினா இறங்கட்டும்!" என்று விரிப்பை மறுபடி போர்த்தினாள். அதற்கு மேலே, மரத்திலிருந்து பால்கனிக் கம்பிவரை ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். இலையும் காயும் தார்ப்பாயில் சேர்ந்தன. மழைத் தண்ணீரும் சேர்ந்தது. அது நிறைமாத வயிறுபோல் தொங்கியது.

"அக்கா, அது அறுந்து விழப்போகுது" என்றான் தோரோன்பெக். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"நான் கட்டினது அறுந்து விழாது!"

அவள் கட்டின முடிச்சு உண்மையிலேயே அவிழவில்லை. பால்கனிக் கம்பிதான் பெயர்ந்துகொண்டு வந்தது. தண்ணீர், இலை, ஒரு மூட்டைக் காய், கம்பி, கம்பியில் மாட்டியிருந்த பூந்தொட்டி எல்லாம் ஒரே நேரத்தில் காரின்மேல் இறங்கின. முன்கண்ணாடி நொறுங்கியது.

சாய்ராகுல் கீழே வந்தாள். ஈர விரிப்பை விலக்கிக் காருக்குள் ஏறி, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. ஜன்னலருகே தோரோன்பெக் வந்து மெல்லக் கேட்டான்.

"இப்பவாவது நகர்த்தலாமாக்கா? நானும் கூட வந்து தள்றேன்."

அழுகை நின்றுவிட்டது.

"நகர மாட்டேன்! தப்பு என் பேர்லயா? அந்தக் கிளையை வெட்டாதவங்க பேர்ல! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்க்காம விடப்போறதில்ல."

தலையில் ஒட்டிய இலையோடு நகராட்சிக்குப் புறப்பட்டாள். அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த தெருவிலேயே நகராட்சியின் ஏணி லாரி நின்றது. அதன் படியில் உட்கார்ந்து ஒரு மரம் வெட்டும் ஆள் சூடாகச் சம்சா தின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று ஆரம்பித்தாள். "பின்தெரு முற்றத்துல ஒரு அக்ரூட் கிளையை வெட்டச் சொல்லி எத்தனை தடவை போன் பண்றது? ஒரு பொம்பளை தனியா நின்னு அந்த மரத்தோட போராடிட்டிருக்கா. நீங்க இங்க உக்காந்து சம்சா தின்னுட்டிருக்கீங்க!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த ஆள் நிதானமாக மென்று விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நாங்களும் எல்லாரும் வேலைக்குப் போற நேரத்துக்கு அப்புறம் வந்து ஹாரன் அடிச்சுப் பார்த்துட்டு, யாரும் வராம திரும்பிட்டுத்தான் இருக்கோம். ஏணி லாரி நிக்கிற இடத்துல, மரத்தடியிலேயே, எவனோ ஒரு பிடிவாதக்காரன் காருக்குக் கம்பளி போர்த்திப் படுக்க வச்சிருக்கான். அவன் அதைக் கொஞ்சம் நகர்த்தினா அஞ்சு நிமிஷ வேலை!"