தாஷ்கண்டில் வந்து சேர்ந்த டென்மார்க்

பயந்துபோய் இருப்பவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாக நினைவில் நிற்கும். எங்கே செய்ய வேண்டும் என்பதுதான் மறந்துபோகும். எண்பதுகளின் நடுவில் எனக்கு நடந்தது அதுதான்.

டென்மார்க்கில் இறங்கியதும் கழிவறைக்குள் போய் பாஸ்போட்டைக் கிழித்துத் தண்ணீரில் விட்டுவிடு, அது கையில் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கொழும்பில் ஏஜென்ட் சொல்லியிருந்தான். திரும்பிப் போவதை நினைக்கவே முடியாது. என் அண்ணனை இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போய் ஒரு தகவலும் இல்லை. அடுத்தது நான்தான் என்று ஊரே கதைத்தது.

விமானம் இறங்கியது. சாம்பல் நிற வானம், எலும்பைக் குடையும் குளிர், சதுரத் தொப்பி போட்ட ஆண்கள், வாய் நிறையத் தங்கப்பல் கட்டிய பெண்கள். (பணக்கார நாடு என்று சொன்னார்களே, பல்லிலேயே தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.) நேரே கழிவறைக்குப் போய் பாஸ்போட்டைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுச் சங்கிலியை இழுத்தேன். தண்ணீர் வரவில்லை.

கூட வந்த மன்னார்க்காரர் செபமாலை அண்ணையிடம் வேலை முடிந்தது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, இது தாஷ்கண்ட், சோவியத் நாடு. பிளேனுக்கு எண்ணெய் அடிக்க இறக்கினவங்கள். டென்மார்க் இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு."

ஒரு சிப்பாய் பாஸ்போட்டின் ஈரத் துண்டுகளை அள்ளிவந்தான். அதிகாரி அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு யன்னலுக்கு வெளியே கொழும்புக்குப் புறப்பட நின்ற விமானத்தைக் காட்டினார். அத்தனை பேருக்கும் முன்னால் அம்மா என்று அழுதேன்.

செபமாலை அண்ணைக்கு ரஷ்ய மொழி ஒரு சொல்லும் தெரியாது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடு மண்டபத்தில் குந்தினார். வாயால் ஒரு சத்தம் எழுப்பி என்னைக் காட்டினார். தண்ணீர் தேடினார், கடதாசி தேடினார், ஒன்றும் கிடைக்காமல் சட்டைப்பையிலிருந்து தன் பாஸ்போட்டை எடுத்துக் கிழிப்பதுபோல் செய்து, துடைத்தும் காட்டினார். முதலில் சிப்பாய் சிரித்தான். பிறகு அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். துண்டுகளை ஒரு பையில் போட்டுத் தந்து, தன் பத்திரிகையையும் என் கையில் திணித்து, எங்கள் விமானத்திலேயே ஏற்றிவிட்டார்.

இப்போது டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரத்தில் இருக்கிறோம். எங்கே பயணம் போனாலும் மனைவி என் பைக்குள் ஒரு கழிவறைக் கடதாசிச் சுருள் வைப்பாள். விமானம் இறங்கும்போது, இது டென்மார்க்தானா என்று மகள் டேனிஷில் கேட்பாள். செபமாலை அண்ணை முழங்கால் வலியோடும் ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் குந்திக் காட்டுவார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள், நானும்தான். என் அண்ணனுக்காக அப்படிக் குந்திக் காட்ட, ஆமி அவனைப் பிடித்த அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை.