மாலதி டீச்சருக்காக மாட்டிய செனான் விளக்கு

கார் வைத்திருக்கும் ஆண்பிள்ளைக்கு யார் மீதாவது ஆசை வந்துவிட்டால், அதை அவளிடம் சொல்வதற்கு முன்னால் காருக்கு எதையாவது வாங்கி மாட்டிவிடுவான். சிலர் பாட்டுப் பெட்டி மாட்டுவார்கள். சிலர் வண்டியின் பின்பக்கம் இறக்கை மாட்டுவார்கள். நான் செனான் விளக்கு மாட்டினேன்.

அப்போது மலேசியாவில், பாசிர் பெனம்பாங் என்ற ஊரில் ஒரு மீன் கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். கோல சிலாங்கூருக்கு வெளியே, செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வீடு. எனக்கு முன்னால் பல பேர் ஓட்டிக் களைத்த சிறிய கார் ஒன்று இருந்தது. (மீன் வாடை எனக்கு முன்பே அதில் ஏறி உட்கார்ந்திருக்கும்.)

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடக்கும். தமிழும் ஆங்கிலமும் மாலதி டீச்சர். கணக்கு நான். (பள்ளியில் நான் கணக்கில் என்ன வாங்கினேன் என்று அந்தப் பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. நல்ல பிள்ளைகள்.) மாலதி தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. சிரிப்பு வந்தால் சாக்பீஸ் கையாலேயே வாயைப் பொத்துவாள். மூக்கு நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். சொன்னால் துடைத்துவிடுவாளே என்று சொல்லமாட்டேன். இரண்டு வருடமாக நான் அவளிடம் சொல்லாமல் விட்டவற்றில் அது மிகச் சிறியது.

மண்டபத்திலிருந்து எங்கள் தாமானுக்கு வரும் பாதை செம்பனை மரங்களுக்கு நடுவே போகும். இரண்டு பக்கமும் வாய்க்கால். ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. மாலதியும் அதே தாமான்தான்; தன் மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவாள். அவளுடைய அப்பா அந்தத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது ஆட்களை மேய்க்கும் மேஸ்திரியாக, இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்ட பிறகும் ஊர் முழுக்க அவரை மண்டோர் என்றுதான் கூப்பிட்டது. அவரும் ஊரை அப்படித்தான் நடத்தினார். இருட்டில் மகள் தனியாக வருவது பிடிக்காமல், டியூஷனை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ தெரியவில்லை. நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"நான் காருல துணைக்கு வரேன் அங்கிள்."

அவர் என்னை உச்சியிலிருந்து செருப்பு வரைக்கும் பார்த்தார்.

"அவ மோட்டார்லதான் வரணும். உன் காருல ஏறக்கூடாது. நீ பின்னால வரலாம். தள்ளித்தான் வரணும்."

"சரிங்க அங்கிள்."

"பக்கத்துல வந்து பேச்சு குடுக்கக்கூடாது."

"இல்லங்க அங்கிள்."

உலகத்தில் இப்படி ஒரு சலுகையை வாங்கிக்கொண்டு அன்றைக்கு என்னைப்போல் மகிழ்ச்சியாக யாரும் வீடு திரும்பியிருக்க முடியாது.

அந்த மாதங்களைப் பற்றி என்ன சொல்ல. அவள் முன்னால் மெதுவாகப் போவாள். நான் பின்னால் அதைவிட மெதுவாகப் போவேன். என் காரின் பழைய மஞ்சள் விளக்கு அவள் மோட்டாரின் பின்சக்கரத்தைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும். ஜன்னலை இறக்கினால் செம்பனைப் பழத்தின் புளித்த வாசனை. எங்கோ ஒரு தவளை. அவளுடைய பின்னல், ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான் தெரியும். தாமான் சந்திப்பு வந்ததும் திரும்பிப் பார்க்காமல் இடது கையை மட்டும் உயர்த்திக் காட்டுவாள். அந்தக் கைக்காக நான் மறுநாள் முழுக்க மீன் கணக்கு எழுதினேன். எத்தனையோ நல்ல பாதைகளில் கார் ஓட்டியிருக்கிறேன். அந்த வேகத்தில் இன்னொரு முறை போக வேண்டும் என்று வேறெந்தப் பாதையும் தோன்றவைத்ததில்லை.

ஒருநாள் மண்டபத்தைப் பூட்டும்போது மாலதி சொன்னாள்:

"சார், உங்க காரு லைட்டுக்கு என் மோட்டார் லைட்டே பரவால்ல லா. நீங்க எனக்குத் துணையா, நான் உங்களுக்குத் துணையான்னு தெரியல."

கேலிதான். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூக்கில் வெள்ளை. புத்தியுள்ளவன் கூடச் சேர்ந்து சிரித்திருப்பான். நான் சுங்கை சோவுக்குப் போனேன்.

அங்கே கார் அலங்காரக் கடை வைத்திருந்த சேகர் அண்ணனிடம் வெளிச்சமான விளக்கு வேண்டும் என்றேன். அவர் கண்கள் என் காரில் இருந்த எந்த விளக்கையும்விட நன்றாக மின்னின.

"செனான் போட்டுரு தம்பி. எத்தன கெல்வின் வேணும்?"

கெல்வின் யார் என்று எனக்குத் தெரியாது. "இருக்கறதுலயே பெருசு" என்றேன்.

"பெரிய கெல்வின்னா நீலமா அடிக்கும் லா. ஆனா உன் காரு லைட்டுக் கூடு பழைய மாடல். வெளிச்சம் ஒரு எடத்துல நிக்காது, நாலா பக்கமும் செதறும். எதிர்ல வர்றவன் திட்டுவான்."

"எதிர்ல யாரும் வரமாட்டாங்கண்ணே. முன்னால போறவங்களுக்குத்தான்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு முன்மூடியைத் திறந்து வேலையைத் தொடங்கிவிட்டார். சாயங்காலம் சுவரைப் பார்த்து விளக்கைப் போட்டுக் காட்டினார். முதலில் ஊதாவாகத் துடித்து, பிறகு வெளுத்தது. சுவரில் இருந்த பல்லி வாழ்க்கையை வெறுத்து ஓடியது. என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்த டியூஷன் அன்று அவளிடம் எதுவும் சொல்லவில்லை. தானாகப் பார்த்து வியக்கட்டும் என்று இருந்தேன். அவள் மோட்டாரைக் கிளப்பித் தோட்டப் பாதையில் இறங்கியதும் விளக்கைப் போட்டேன்.

செம்பனைக் காடு பகலாகிவிட்டது. மரத்தில் தூங்கப் போன பறவையெல்லாம் எழுந்து கத்தின. மாலதியின் நிழல் அவளுக்கு முன்னால் மரத்தின் உயரத்துக்கு எழுந்து நடந்தது. அவள் மோட்டாரின் இரண்டு கண்ணாடிகளும் இரண்டு சூரியன்களாக எரிந்தன. (அவை அவள் கண்ணுக்கு நேரே எரிகின்றன என்பது எனக்கு உறைக்கவில்லை. அழகாக இருக்கிறதே என்றுதான் பார்த்தேன்.)

அவள் இடது கையை உயர்த்தி ஆட்டினாள்.

தாமான் சந்திப்பு வருவதற்குள்ளேயே கை காட்டுகிறாள். அவ்வளவு மகிழ்ச்சி போலிருக்கிறது. நான் பதிலுக்கு ஹை பீமையும் ஒருமுறை அடித்துக் காட்டினேன். அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள். சரியாகத் தெரியவில்லை போலும் என்று நான் இன்னும் கொஞ்சம் நெருங்கினேன். அவள் கண்ணை மறைக்கக் கையைத் தூக்கினாள். மோட்டார் ஒருமுறை நெளிந்தது, புல்லில் ஏறியது, பிறகு மாலதியோடு வாய்க்காலில் இறங்கிவிட்டது.

காரை நிறுத்திவிட்டு ஓடினேன். முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்கள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. அடி எதுவும் இல்லை. என்னை ஏறிட்டுப் பார்க்கக்கூட முடியாமல் கண்ணைக் கசக்கினாள்.

"கையைக் காட்டினேனே சார்."

"பார்த்தேன் டீச்சர்."

"லைட்ட கொறைக்கச் சொல்லிக் காட்டினேன்."

மிதக்கும் புத்தகங்களைப் பிடிக்க நான் குனிந்தபோது எதிரே ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. தோட்டத்துக்குள் வெள்ளையாக ஏதோ எரிவதைத் தாமானிலிருந்து பார்த்துவிட்டு, மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மண்டோர் விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். என் விளக்கு நேரே அவர் முகத்தில் விழுந்தது. ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு மோட்டாரை நிறுத்தினார். காலைக் கீழே ஊன்றினார். அவர் ஊன்றிய இடத்தில் பாதை இல்லை.

எதிர்ப்பக்கத்து வாய்க்காலிலிருந்து குரல் வந்தது.

"டேய், அந்த லைட்ட அடை."

ஓடிப் போய் அணைத்தேன். அவ்வளவு வெளிச்சத்துக்குப் பிறகு வந்த இருட்டு எப்படி இருக்கும் தெரியுமா? என் கையே எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் சேறு சளசளத்தது. சற்று நேரம் கழித்து அதே குரல், பல்லைக் கடித்துக்கொண்டு:

"டேய், போடு."

போட்டேன். ஒரு பக்க விளக்குதான் எரிந்தது. அது மண்டோர் பக்கம்.

மாலதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். அதை நான் பார்த்துவிட்டேன். அப்பாவும் பார்த்துவிட்டார். நான் கைகொடுத்து அவரை மேலே தூக்கியபோது அவருடைய கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை.

"இனிமே நீ பின்னால வர வேணாம் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

டியூஷனைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினார்கள். நல்ல வெயில் நேரம். யாருக்கும் எந்த விளக்கும் தேவைப்படவில்லை. நான் செனானைக் கழற்றிவிட்டுப் பழைய மஞ்சள் விளக்கையே திரும்ப மாட்டினேன். மண்டோரின் காலைப் பார்த்துவரப் பழம் வாங்கினேன். அவர் வீட்டுத் தெரு முனைவரை போவேன். வெட்கம் பிடித்து இழுக்கும். திரும்பி வந்து பழத்தை நானே தின்பேன். அந்த மாதம் நிறைய ஆரஞ்சு தின்றேன்.

பிறகு மாலதிக்குச் சரவாக்கில் ஆசிரியர் பயிற்சி கிடைத்தது. கடைசிச் சனிக்கிழமை, பிள்ளைகள் போன பிறகு, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"வாய்க்கால்ல விழுந்த அன்னைக்கு வீட்டுல நண்டு சமைச்சிருந்தோம் சார். தெரியுமா?"

"இல்லயே டீச்சர்."

"உங்கள ராத்திரி சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னதே அப்பாதான். பேசணும்னாங்க." கொஞ்ச நேரம் துடைத்தாள். பலகையில் துடைக்க எதுவும் மிச்சமில்லை. "அப்புறமும் ஒரு மாசம் பார்த்தேன். கால் எப்படி இருக்குன்னு கேக்கவாவது வருவீங்கன்னு."

பழம் வாங்கிய கதையைச் சொல்ல வாயெடுத்தேன். வெளியே அவளைக் கூட்டிப்போக வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

சரவாக்கில் கூடப் படித்தவரையே அவள் மணந்துகொண்டாள். உலு யாம் என்ற ஊர்க்காரர், நல்ல மனிதர். இப்போது அவருடைய ஊரில்தான் இருவரும் படித்துக்கொடுக்கிறார்கள். மண்டோரும் மகளோடுதான் இருக்கிறார். எனக்கும் வரன்கள் வந்தன. வந்த வழியே போயின. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுடைய கணவர் என்னைக் கட்டாயமாக அழைப்பார். வாசலில் கார் நின்றதும் பிள்ளைகள் இரண்டும் "லைட் மாமா வந்துட்டாரு" என்று கத்திக்கொண்டு ஓடிவரும். மண்டோர் கதையைத் தொடங்குவார். அவர் சொல்லச் சொல்ல வெளிச்சம் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது. போன தீபாவளிக்கு அது ஆற்றைத் தாண்டிக் கடல்வரை அடித்தது. அவர் வாய்க்காலில் விழுந்ததும் கதை முடிந்துவிடும், வீடே சிரிக்கும்.

அந்த வீட்டில் யார் கிளம்பினாலும் "போய் வாங்க" என்று சொல்வதில்லை. "லைட்ட கொறைச்சுப் போ" என்பதுதான் வழியனுப்பு. சைக்கிளில் கடைக்குப் போகும் பையனுக்கும் அதுதான், விமானம் ஏறப்போகிறவருக்கும் அதுதான். எனக்கு அதை மண்டோர் சொல்வார், மாப்பிள்ளை சொல்வார், பிள்ளைகள் கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மாற்றி மாற்றிச் சொல்லும்.

மாலதி மட்டும் சொல்வதில்லை. மிஞ்சிய கறியை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, காரின் முன் இருக்கையில் வைத்துவிட்டு, "பார்த்துப் போங்க சார்" என்பாள்.

வீடு வந்து திறந்தால் ஒவ்வொரு வருடமும் நண்டுதான்.