அறுபது எண்ணுவதற்குள் போய்விட்ட சம்பந்திக்கு

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய ஜனாப் சையத் ஜாகிர் அவர்களுக்கு, புதுச்சேரி முல்லா வீதி கமருஸ்ஸமான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். தவளக்குப்பத்தில் தாங்களும் வீட்டாரும் பாத்திரக்கடையும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். நலம் என்று எழுதுவது மரியாதை. உண்மையிலேயே நான் நலமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் மகன் முதஸ்ஸிருக்கும் என் கடைக்குட்டி ஸமீஹாவுக்கும் நிக்காஹ் தேதி பேசத் தாங்கள் வந்தபோது நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. சம்பந்தியாகப் போகிறவர் முன்னால் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இரும்புக்கடையில் நாற்பது வருஷம், கால் கிலோ ஆணி வாங்க வந்தவருக்குக்கூட எழுந்து நின்றவன் நான். தாங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீயைத் தொடாமல், அவசர வேலை என்று கிளம்பிவிட்டீர்கள். நாலு நாளாகப் போனும் இல்லை.

காரணம் பிரஷர். ஊரில் எல்லோருக்கும் ஏறும், எனக்கு இறங்குகிறது. பத்து வருஷமாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். ரம்ஜானுக்கு வந்த தம்பி மகன் பாரிஸிலிருந்து நாலு டப்பா பிரஷர் மாத்திரை கொண்டுவந்தான். அங்கிருந்து சென்ட் வரும், சாக்லேட் வரும், மாத்திரையும் வரும், வேண்டாமென்றால் பிள்ளை மனசு நோகும். பிரெஞ்சு எழுத்துப் போட்ட டப்பா, பார்க்கவே கம்பீரமாக இருந்தது. அதற்காகப் பத்து வருஷப் பழக்கத்தை விட்டுவிட முடியுமா என்று காலையில் ஊர் மாத்திரை, ராத்திரி பாரிஸ் மாத்திரை என்று இரண்டு பக்கமும் மனம் கோணாமல் விழுங்கினேன். கொஞ்ச நாளில் எழுந்தாலே கண் இருட்ட ஆரம்பித்தது. என் மனைவி மஹ்பூபா வெயில் என்றாள், நான் வயசு என்றேன். அப்படியே தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு மீன் ஏலம் பார்க்கப் போனவன், ஒரு கூடை சங்கரா மீனைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். விழும்போது எதையாவது பிடிக்கலாமென்று கையைத் தூக்கியிருக்கிறேன், ஏலக்காரர் அதை ஏலக் கேள்வியாக எடுத்துக்கொண்டு கூடையை என் பேருக்கே முடித்துவிட்டார். கண் திறந்தபோது அன்னக்கிளி என்ற மீன்காரம்மா என் கால் இரண்டையும் ஐஸ் பெட்டி மேல் தூக்கி வைத்துப் பிடித்திருந்தார். "உடனே எழுந்திரிக்காதய்யா, ரத்தம் தலைக்கு வரட்டும்" என்றார். பிறகு டாக்டரும் அதையேதான் சொன்னார், ஃபீஸ் வாங்கிக்கொண்டு. வீட்டு மாத்திரையெல்லாம் கொண்டுவரச் சொல்லி இரண்டு டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், பேர்தான் வேறே, மருந்து ஒண்ணுதான், தினம் ரெண்டு பங்கு சாப்பிட்டிருக்கீங்க பாய் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பாரிஸை நிறுத்தியாயிற்று. ஆனாலும் உடம்பு நிதானத்துக்கு வரும்வரை சட்டென்று எழக் கூடாது, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு அறுபது எண்ணி, தண்ணீர் குடித்து, அப்புறம்தான் எழணும் என்று உத்தரவு.

தாங்கள் உள்ளே வரும்போது நான் இருபத்திமூன்றில் இருந்தேன். ஸலாமுக்குப் பதில் சொன்னதில் எண்ணிக்கை விட்டுப்போய் ஒன்றிலிருந்து தொடங்கினேன். மஹ்பூபா டீயை வைத்துவிட்டு எழுந்திருங்க என்று கண்ணைக் காட்டியதில் மறுபடி ஒன்று. விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிங்க சொல்றது? பொண்ணோட அத்தா நிமிர்ந்தா விழுவாரு, அந்த ரத்தம்தானே பொண்ணுக்கும்னு நாலு பேர் பேச மாட்டாங்களா? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். நாற்பதில் தாங்கள் செருப்பைப் போட்டீர்கள். ஐம்பத்திரண்டில் ஆட்டோ கிளம்பியது. அறுபதில் எழுந்து நின்றேன், எதிரே யாருமில்லை.

ஸமீஹா நாலு நாளாகச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைக்கிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. தயவுசெய்து இன்னொரு தடவை வாருங்கள். எத்தனை மணிக்கென்று சொன்னால் அரை மணி முன்னாலேயே எழுந்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கோபம் இருந்தால் என்மேல் இருக்கட்டும், பிள்ளைகள் மேல் வேண்டாம். தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு ஸலாமும் சிறியவர்களுக்கு துஆவும்.

இப்படிக்கு,
இன்னும் சம்பந்தியாகும் நம்பிக்கையுள்ள
கமருஸ்ஸமான்

பி.கு.: அண்ணே, இது மஹ்பூபா எழுதறது. இவரு உறை தேடப் போயிருக்காரு. உங்க வீட்டு அண்ணி இப்பத்தான் போன் பண்ணாங்க. அன்னிக்கு எங்க மாடிப்படி ஏறி வந்ததுல உங்களுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சாமே. பொண்ணு வீட்டுல விழுந்து வச்சா மானம் போயிடும்னு ஓடிட்டீங்களாம். இவரு உக்காந்திருந்தாரா நின்னாரான்னே நீங்க பாக்கலையாம். நாலு நாளா நீங்களும் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கிட்டு இருக்கீங்களாம், அஞ்சாவது பக்கம் ஓடுதாம். நிதானமா எழுதி முடிங்க. நாங்க ரெண்டு பேரும் தேதி வச்சுட்டோம், அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. ஸமீஹா சாப்பிட்டுட்டா. மண்டபத்துல உங்க ரெண்டு பேருக்கும் கை வச்ச நாற்காலி சொல்லியாச்சு, வர்றவங்களுக்கு நாங்க எழுந்து நின்னுக்கறோம்.