சாக்கடை அண்ணாச்சியும் இடுப்பளவு வெள்ளமும்

பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழர்களில், கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் பெண்ணையும் பார்க்காமல் மாப்பிள்ளையையும் பார்க்காமல், பந்தியில் கை கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதன் பின்னாலேயே நடந்து போனவர் ஒருவர்தான். அவருக்கும் பெற்றோர் ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். மாட்டுங்கா முதல் தாராவி வரை எங்களுக்கு அவர் சாக்கடை அண்ணாச்சி.

யுத்தம் முடிந்த சமயம் அது. எங்கள் ஆபீஸ் ஃபோர்ட்டில் இருந்தது. யாராவது ஒரு சேட்டுக்குத் தொழிற்சாலை கட்டும் ஆசை வந்தால், கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே தண்ணீர் எங்கிருந்து வரும், பாய்லர் எங்கே நிற்கும், கரியை எங்கே கொட்டுவது, கழிவு எங்கே போகும் என்று காகிதத்தில் திட்டம் போட்டுக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. பிரிவு என்றால் இரண்டே பேர். அண்ணாச்சி தலைமை, நான் டிராஃப்ட்ஸ்மேன். அதிலும் நான் தற்காலிகம். வேலை நிரந்தரமானால்தான் மாட்டுங்காவில் ஒரு அறை பிடித்து, கல்யாணமாகி இரண்டு வருஷமாகப் பாலக்காட்டிலேயே இருக்கும் என் மனைவி கமலத்தை அழைத்து வர முடியும். அந்த நிலைமையில் எனக்கு வாய்த்த மேலதிகாரி இவர்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தார். அவர் போடும் பிளானில் முதலில் சாக்கடை வரும், பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு சாம்பல் குழி. மிச்சம் ஏதாவது மூலை இருந்தால் அங்கே மெஷின். ஒரு சேட் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சீமையிலிருந்து வரப்போகும் தன் மெஷின்கள் எங்கே என்று கேட்டார். எங்கேயாவது வைத்துக்கொள்ளட்டும், மெஷினுக்கா பேதியாகப் போகிறது, மனுஷனுக்குத்தானே ஆகும் என்றார் அண்ணாச்சி. இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சேட் அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை.

போகிற இடத்திலெல்லாம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்து ஜன்னலில் அடுக்குவார். ஒரு நாள் ஆபீஸ் பியூன் தாகத்தில் கோவண்டிக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் தள்ளாடி வந்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எத்தனை தடவை, எத்தனை மணிக்கு என்று ஆசையாக விசாரித்து ஃபைலில் குறித்துக்கொண்டார். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இவ்வளவு திட்டம் போட்டாரே, ஒன்றாவது கட்டடமாக எழுந்ததா என்றால் இல்லை. யுத்த காலத்தில் சிமெண்டு கிடைக்கவில்லை, பிறகு சேட்டுகள் கிடைக்கவில்லை. கடைசியாக அம்பர்நாத்தில் சாயப் பட்டறை கட்ட ஒருவர் அகப்பட்டார். அது எழும்பினால் குழாய் பதிக்கும் பொறுப்பு முழுவதும் அண்ணாச்சிக்குத்தான் என்று எங்கள் பார்ஸி முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணாச்சி அன்றைக்கு மட்டும் முகச் சவரம் செய்துகொண்டு ஆபீசுக்கு வந்தார்.

மே மாத வெயிலில் நிலத்தைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். பொட்டல். ஓரத்தில் ஓர் ஓடை தெரிந்தது. அதுவரை நடக்க எனக்குச் சோம்பல். காவலாளி திருநெல்வேலிக்காரன், நல்லவேளை தமிழ் தெரிந்தவன் என்று அவனிடமே கேட்டேன்.

"ஏம்ப்பா, இவடெ வெள்ளம் நன்னா வருமோ?"

"வெள்ளத்துக்கு என்ன சார் கொறச்சல்? வருசந்தவறாம இடுப்பளவு வருமே."

எங்கள் பாலக்காட்டு வீடுகளில் குடிப்பது வெள்ளம், குளிப்பது வெள்ளம், காப்பிக்கு அடுப்பில் வைப்பதும் வெள்ளம். எனவே மகிழ்ச்சியோடு, 'ஆண்டுதோறும் தவறாமல் இடுப்பளவு தண்ணீர் கிடைக்கும்' என்று எழுதிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

அறிக்கை டைப் ஆகி வருவதற்குள் ஜூலை பிறந்துவிட்டது. திங்கட்கிழமை சேட் வந்து நிலத்தை முடிவு செய்வதாக ஏற்பாடு. என் வேலையைப் பற்றியும் அன்றைக்கே சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி அறிக்கையைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"இடுப்பளவுன்னு எழுதியிருக்கீரே, யாரு இடுப்புவே? உம்ம இடுப்பா, என் இடுப்பா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பை அளந்து பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராதாம். ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில், என்னையும் இழுத்துக்கொண்டு அம்பர்நாத் போனார். ஓடை இருந்த இடம் தெரியவில்லை. நிலமும் தெரியவில்லை. சேட்டின் பட்டறை எழும்ப வேண்டிய இடத்தில் வேட்டியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி நடந்தார். தண்ணீர் சரியாக அவர் இடுப்புக்கு வந்தது. பக்கத்து மேட்டில் குடிசைக்குள் பீடி குடித்துக்கொண்டிருந்த காவலாளி, நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்றான். குடிக்க ஒரு பானை நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு மைல் நடக்க வேண்டுமாம்.

நான் அவனிடம் என்ன வார்த்தை சொல்லிக் கேட்டேன் என்று அண்ணாச்சி விசாரித்தார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. திரும்பும் ரயிலில் நான் கமலத்துக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை, மழை வந்தால் நிலம் மூழ்கிவிடும் என்று கேட்டதும் சேட் கத்தினார். நிலத்துக்காரனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். அறிக்கை யாருடையது என்று முதலாளி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி தமது ஓட்டை ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தது தாமே என்றும், வெள்ளம் என்ற தப்பான வார்த்தை தம்முடையது என்றும், டிராஃப்ட்ஸ்மேன் எழுதிக் கொடுத்ததைத்தான் கேட்டான் என்றும் சொன்னார். திருநெல்வேலிக்காரன் எவனாவது தண்ணீரை வெள்ளம் என்பானா? ஆனால் பார்ஸிக்கு அது எங்கே தெரியும்?

சாயப் பட்டறை வேறொரு மேட்டு நிலத்தில் எழும்பியது. குழாய் பதிக்க வேறொருவர் போனார். என்னை நிரந்தரமாக்கிய கடிதம் அந்த மாதமே வந்தது.

ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன்.

"உமக்கு ஊர்லேருந்து பொண்டாட்டி வரணும்லா. எனக்கு யாருவே வரப்போறா?" என்று சொல்லிவிட்டு, டிராமைப் பிடிக்க ஓடினார்.

கமலம் வந்தாள், அறை வீடாயிற்று, பிள்ளைகளும் பிறந்தார்கள். அவர்களிடம் அண்ணாச்சியைப் பற்றி எப்போதும் கிண்டலாகத்தான் பேசி வந்திருக்கிறேன். வேறு விதமாகப் பேச ஆரம்பித்தால், பாதியிலேயே பியூன் கோவண்டித் தண்ணீர் குடித்த கதைக்குத் தாவிவிடுகிறேன்.