இடுப்பில் ஓர் அறை

இனிமேல் இந்த வீட்டில் சொன்னதைச் சொல்லவில்லை என்று யாரும் சாதிக்க முடியாது. படம் இருக்கும். குரல் இருக்கும். முகத்தில் ஓடிய பாவம் முதற்கொண்டு இருக்கும். இப்படி ஒரு சபதத்தை, முகத்தில் பாதி சோப்பு நுரையோடு, குளியலறைக் கண்ணாடி முன் நின்று எடுத்துக்கொண்டார் வீடியோக்காரர். கண்ணாடி மறுத்துப் பேசவில்லை. அவர் பேசி முடிக்கிறவரை குறுக்கிடாமல் இருப்பது அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

தகராறு ஒரு சின்ன அறையைப் பற்றி. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, பெட்டி படுக்கைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அவருடைய மனைவி ஒரு வாக்குக் கொடுத்தாள். "அது உங்க ரூம். உங்களுக்கேதான். நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்." ஊரார் கல்யாணங்களையெல்லாம் ஓடி ஓடிப் படம் பிடிக்கிற மனுஷன், தன் வாழ்க்கையின் அந்தப் பொன்னான தருணத்தைப் பிடிக்காமல் கோட்டை விட்டுவிட்டார். அன்று அவர் கையில் கேமரா இல்லை. அடுப்பு இருந்தது.

மனைவி திரைச்சீலை தைப்பவள். ஆஸ்பத்திரிகளுக்கு, ஹோட்டல்களுக்கு, நாடக மேடைகளுக்கு. கூடத்தில் துணியை விரித்தாள் என்றால் பாய்மரக் கப்பல் கரை தட்டின மாதிரி இருக்கும். வீடியோக்காரர் சோபாவைத் தடவிப் பார்க்காமல் உட்கார மாட்டார். தடவாமல் உட்கார்ந்த விருந்தாளிகள் இரண்டாவது தடவை வந்ததில்லை, குண்டூசி அப்படி. அவளுக்கு ஒரு நீள மேஜை போட இடம் வேண்டும், பகல் வெளிச்சம் வேண்டும். வீட்டிலேயே பெரிய ஜன்னல் அந்தச் சின்ன அறையில்தான். அதை வீடியோக்காரர் கறுப்புத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். திரையில் வெளிச்சம் அடித்தால் படத்தின் நிறம் தெரியாதாம்.

"ஏங்க, ஜன்னலே வேண்டாங்கறவருக்கு ஜன்னல் உள்ள ரூம் எதுக்கு?"

"நீதானே குடுத்த? எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்னு சொன்ன."

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

"குடி வந்த அன்னைக்கி. அடுப்பத் தூக்கிட்டு நின்னேனே."

"அடுப்பத் தூக்கினவர் நீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. மத்தது ஞாபகம் இல்ல."

கடைசியில் பஞ்சாயத்து அவருடைய அக்காவிடம் போயிற்று. அக்கா பஸ் கண்டக்டர். ஒரே சீட்டுக்கு அடித்துக்கொண்ட எத்தனையோ பேரைப் பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ரெண்டு பேரும் ஆதாரத்தோட இருங்க என்று சொல்லிவிட்டாள்.

ஆதாரம். அந்தச் சொல்லைக் கேட்டதும் வீடியோக்காரருக்குப் புதுப்பெட்டியின் ஞாபகம் வந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. பெயர் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ரெக்கார்டர். கேமராவிலிருந்து ஓர் ஒயரை அதில் செருகி இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். படம் டேப்புக்குப் போகாமல் நேராகப் பெட்டிக்குள் இறங்கிவிடும். பழைய கதையே வேறு. கல்யாணம் முழுக்க டேப்பில் எடுத்து, வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கல்யாணம் எவ்வளவு நேரமோ, ஏற்றவும் அவ்வளவு நேரம். ஆக ஒவ்வொரு கல்யாணத்தையும் அவர் இரண்டு தடவை உட்கார்ந்து அனுபவித்தாக வேண்டும். மாப்பிள்ளையே ஒரு தடவைதான். இப்போது கம்ப்யூட்டரே வேண்டாம். பெட்டியைக் கழற்றி, வெட்டி ஒட்டுகிற கடையில் இருக்கும் கூட்டாளியிடம் நீட்டினால் போதும். டிவியில் மாட்டினால் அப்படியே ஓடவும் ஓடும். சூடாகும், ஆனால் கோபப்படாது. லேசாக முனகும், ஆனால் எதிர்த்துப் பேசாது. வீடியோக்காரர் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது ஒரு சுற்றுப் பருத்துத் தெரிவார்.

திட்டம் எளிமையானது. மனைவி வாயிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'உங்க ரூம்' என்று வருகிறது. உங்க ரூம்ல போய்க் கெடங்க, உங்க ரூம் நாத்தம் தாங்கல, உங்க ரூம்லேருந்து தட்ட எடுத்துட்டு வாங்க. எல்லாம் பதிவாகட்டும். உரிமை யாருடையது என்று அவளே சொன்னதாகிவிடும்.

சனிக்கிழமை காலை கேமராவைக் கூடத்து அலமாரியில், எப்போதும் வைக்கிற இடத்திலேயே வைத்தார். பெட்டியைப் பின்னால் ஒளித்து, அதன் குட்டித் திரையைச் சுவர் பக்கம் திருப்பினார். ஓடும்போது எரிகிற சிவப்பு விளக்குகளின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். இது தொழில் ரகசியம். விளக்கைப் பார்த்தால் ஜனங்கள் விறைத்துப்போய் அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி நிற்பார்கள். விளக்கு தெரியாவிட்டால் மனுஷர்களாக இருப்பார்கள். பெட்டியோடு வந்த குட்டி ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதில் ஒரே பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். பிறகு நிம்மதியாகக் குளிக்கப் போனார். சபதம் எடுத்தது அப்போதுதான்.

குளித்துவிட்டு வந்து வேலையை ஆரம்பித்தார். பைக்குள் கைவிட்டு அமுக்கினார்.

"என் நீள ஒயரப் பாத்தியா?"

துணிக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "உங்க ரூம்லதான் இருக்கும். வேற எங்க போகும்?"

மறுபடி அமுக்கி நிறுத்தினார். மீன் இரையில்லாமலே தூண்டிலில் சிக்கிய மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அமுக்கினார்.

"கண்ணாடிய எங்க வெச்சேன்?"

"உங்க ரூம்ல பாருங்க. உங்க ரூம், உங்க ராஜ்ஜியம். நான் யாரு கேக்கறதுக்கு?"

இவ்வளவு தாராளத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. நாள் முழுக்க அவள் அப்படித்தான் இருந்தாள். ஒவ்வொரு பதிலையும் நிறுத்தி, தெளிவாக, கேமரா இருந்த பக்கம் லேசாகத் திரும்பிச் சொன்னாள். எத்தனையோ மணப்பெண்களிடம் மன்றாடியும் கிடைக்காத ஒத்துழைப்பு. சாயங்காலம் துணிந்து கேட்டே விட்டார்.

"குடி வந்த அன்னைக்கி நீ என்னமோ சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? அது உங்க ரூம். உங்களுக்கேதான். நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்னு சொன்னேன்."

வீடியோக்காரர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். கடைசித் தடவையாக அமுக்கினார். எதிர்வீட்டுப் பல்செட்காரர், ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறவர், திட்டம் முழுக்கத் தெரிந்தவர், அப்போதுதான் வாசலில் வந்து நின்றார். அவரை உள்ளே கூப்பிட்டு, மனைவி துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்த தைரியத்தில், மனம்விட்டுப் பேசினார். பிறகு பெட்டியை அணைத்தார்.

எடுத்ததை ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. டேப் காலத்துப் பழக்கம். எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஓட்டிப் பார்த்தால், மறுபடி சரியான இடத்தில் நிறுத்தத் தெரியாமல் கல்யாணத்தின் மேல் விருந்து ஏறிவிடும். "எடுத்ததத் தொட்டுப் பாக்கறவன் தொழில்காரனே இல்ல" என்பது அவர் வாக்கு. பெட்டிக்கு அந்த ஆபத்து இல்லை என்று கூட வந்த கையேட்டில் எழுதியிருந்தது. கையேட்டை அவர் பிரிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். சோபாவைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

"ம். யார் மொதல்ல?"

"நான்தான்க்கா. பேச்சே இல்ல. படம்." வீடியோக்காரர் பெட்டியை டிவியில் மாட்டினார். "நீயே பாரு. அவ வாயாலயே வருது."

"அண்ணி, உங்களுக்கு நல்லாத் தெரியற மாதிரி நகந்து உக்காருங்க" என்றாள் மனைவி.

திரை முழுக்க மஞ்சள் துணி. அது இடமும் வலமும் போய் விலகியது. பின்னால் மனைவியின் ஒரு கண், மிகப் பெரிதாக. அவள் பின்வாங்கி, கேமராவையே கண்ணாடியாக வைத்து முன்நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, நகர்ந்து போனாள். தூரத்தில் குளியலறையிலிருந்து வீடியோக்காரரின் குரல் கேட்டது: இனிமே இந்த வீட்டுல சொன்னதச் சொல்லலன்னு யாரும்...

"இது என்னடா?" என்றாள் அக்கா.

"டெஸ்ட்டு. டெஸ்ட்டுக்கா." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. தான் ரிமோட்டைத் தொடுவதற்கு முன்பே பெட்டி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. யாரோ ஒரு தடவை அமுக்கி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் நாள் முழுக்க அவர் ஓடச் சொன்னபோதெல்லாம் அது நின்றிருக்கிறது. நிற்கச் சொன்னபோதெல்லாம் ஓடியிருக்கிறது. மனைவி பேசிய ஒரு வார்த்தையும் உள்ளே இல்லை. உள்ளே இருப்பது முழுக்க அவர்.

"அக்கா, ஒயர்ல ஏதோ கோளாறு, நிறுத்திடறேன்."

"உக்காருடா. வண்டி கெளம்பியாச்சு. நடுவுல எறங்கக் கூடாது."

திரையில் வீடியோக்காரர் கூடத்தில் தனியாக நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குத் தைத்த புதுத் திரைச்சீலையைக் கையில் எடுத்து, தையலை விரலால் நீவி, "என்ன கை, என்ன நேர்த்தி, கோடு போட்ட மாதிரி" என்றார். பிறகு அதிலேயே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி தையல் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். ஊசியில் நூல் கோத்தாள்.

அடுத்த காட்சியில் அவர் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, தாடையை முன்னால் தள்ளி, கனத்த குரலில் பேசினார். "எல்லாத்தயும் விசாரிச்சுப் பாத்ததுல, ரூம் என் தம்பிக்கேன்னு தீர்ப்பு சொல்றேன். முன்னாடி போ, முன்னாடி போ, படில நிக்காத."

"இது யாரு?" என்றாள் அக்கா.

வீடியோக்காரர் குனிந்து ஒயரைப் பார்த்தார்.

"என் தாடை இப்படியா இருக்கு?"

"இல்லண்ணி" என்றாள் மனைவி. "அது அவரு தாடை."

அக்கா திரைப் பக்கம் குனிந்தாள். "ஆனா நடக்கறது அப்படியே அப்பாதான்" என்றாள், குரல் தணிந்து. "இவ்வளவு வருஷத்துல இவன் படத்த நான் பாத்ததே இல்ல."

உண்மைதான். ஊர்ச் சிரிப்பையெல்லாம் பிடிக்கிறவன் எந்தப் படத்திலும் இருக்க மாட்டான். வீடியோக்காரர்கூடத் தம் கஷ்டத்தை மறந்து, யார் இந்த ஆள், முதுகு இப்படிக் கூனியிருக்கிறதே என்று ஒரு கணம் பார்த்தார். அதற்குள் திரையில் பல்செட்காரர் வந்துவிட்டார்.

"மாட்டிக்கிட்டாளா சார்?"

"நல்லா. ஆனா ஒண்ணு சொல்லணும், அவ மூளை எனக்கு வராது. இந்தத் தொழிலுக்கு அவ வந்திருந்தா நான் அவளுக்கு லைட்டுப் பிடிச்சுட்டு நிப்பேன்."

"அப்ப ரூமக் குடுத்துடலாமே. அதுல அப்படி என்ன வேலை?"

"முன்னாடி டேப்ப ஏத்துவேன். இப்பதான் இந்தப் பெட்டி வந்துருச்சே. கம்ப்யூட்டரும் வேண்டாம், மேஜையும் வேண்டாம், ரூமும் வேண்டாம். இனி நம்ம ஆபீஸே இடுப்புலதான்."

"அப்ப உள்ள போயி என்ன பண்றீங்க?"

"தூங்குவேன்."

படம் அங்கே முடிந்தது. கருத்த திரையில் மூன்று பேரும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அக்கா" என்றார் வீடியோக்காரர். "அவ நேத்து சாயங்காலம் முழு வாக்கியத்தயும் சொன்னா. எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்னு. சத்தியமா சொன்னா."

"படத்துல இல்லியேடா."

"நீ பெட்டியத் தொட்டியா?" மனைவியிடம் திரும்பினார். "என்ன பண்ணின?"

"தூசி தட்டினேன்."

"தூசி தட்டினா இப்படி ஆகாது."

"அந்தப் புஸ்தகத்துல நல்லா எழுதியிருக்குங்க. படம் போட்டு. ஒரு தடவதான் அமுக்கினேன். மீதியெல்லாம் நீங்கதான் அமுக்கினீங்க."

வீடியோக்காரர் அவளைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. நாள் முழுக்க அவர் போட்ட உழைப்பு. அவள் போட்டது ஒரு விரல். பெரிய கலைஞர்களிடம் மட்டுமே இருக்கிற சிக்கனம் அது. எழுந்து கை குலுக்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அக்கா முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். "ஆபீஸ் இடுப்புலதானே இருக்கு? அப்ப சீட்டு காலி. ஏம்மா, மேஜைய இன்னைக்கே போட்டுக்க."

"ஆனா வாக்குன்னு ஒண்ணு..." என்றார் வீடியோக்காரர், கடைசிப் பயணி ஓடுகிற பஸ்ஸைப் பிடிப்பதுபோல.

"வாக்கு வாக்குதாங்க" என்றாள் மனைவி. தையல் கூடையிலிருந்து ஒரு பையை எடுத்து, அவர் இடுப்பில் கட்டினாள். பெட்டிக்கு அளவெடுத்த மாதிரி. பக்கத்தில் ஒயர் வெளியே வர ஒரு சின்ன ஓட்டை, பெட்டி சூடானால் காற்றுப் போக வலை, மழைக்கு மேல்மூடி. தையல் கோடு போட்ட மாதிரி இருந்தது. "இந்தாங்க. இது உங்க ரூம். உங்களுக்கேதான். நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

வீடியோக்காரர் பையைத் தடவிப் பார்த்தார். நல்ல கெட்டித் துணி. கறுப்பு. எங்கேயோ பழகின துணியாக இருக்கிறதே என்று நிமிர்ந்தபோது, சின்ன அறையின் திறந்த கதவு வழியாகக் கூடத்துத் தரை முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது.